‘ரன்’ என்ற சொல்லுக்கு 645 அர்த்தமா?

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்தாள். “சித்தி, ‘ரன்’னுங்கிற ஒரே வார்த்தைக்கு 645 அர்த்தமாம். வாட்ஸ்அப்ல வந்திருக்கு. இதையெல்லாம் நான் எப்ப மனப்பாடம் பண்றது?”

கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. முதல் வரியில் ‘ரன் = ஓடு’. அதன் கீழே எண் போட்டு முப்பத்திரண்டு வரைக்கும் வந்திருந்தாள். பதினெட்டாவது ‘நடத்து’, பத்தொன்பதாவது ‘ஒழுகு’, இருபதாவது ‘தேர்தலில் நில்’. “இந்த மூணுக்கும் ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்?” என்று கேட்டேன். “சம்பந்தமே இல்ல. அதனாலதான மனப்பாடம் பண்றேன்” என்றாள்.

அந்த நோட்டுதான் இதை எழுத வைத்தது. சுற்றிவரும் செய்தி பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கிறவர்கள் ஒரு மூட்டையில் 645 தனித்தனிச் சாமான்கள் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே கொடியில் காய்த்தவை.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலிருந்து. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு இருந்தது. அதற்கு மட்டும் 430 அர்த்தங்கள். அதன்பிறகு அகராதியைச் சொல் சொல்லாகத் திருத்த ஆரம்பித்தார்கள். திருத்தத் திருத்தப் பதிவுகள் பெருத்தன. 2000-இல் ‘மேக்’ முதலிடத்துக்கு வந்தது, 2007-இல் ‘புட்’, 2011-இல் ‘ரன்’. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் சுமார் ஒன்பது மாதம் உட்கார்ந்து 645-ல் வந்து நின்றார். அதுவும் வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும். பெயர்ச்சொல்லாக வருவதற்குத் தனிக் கணக்கு.

சரி, இன்னொரு இடத்தில் எண்ணிப் பார்ப்போம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வேர்ட்நெட்’ என்ற சொல்தொகுப்பு இதே வினைச்சொல்லுக்குக் கொடுக்கும் அர்த்தங்கள் 41. சொல் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஓரிடத்தில் 645, இன்னோரிடத்தில் 41.

யாரும் தப்பாக எண்ணவில்லை. ‘பஸ் ஓடுகிறது’, ‘ஃபேன் ஓடுகிறது’ என்கிறோம். இவை ஒரே அர்த்தமா, இரண்டா? பஸ் இடம்விட்டு இடம் போகிறது. ஃபேன் உத்தரத்திலேயே தொங்குகிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு. இரண்டுமே இயந்திரம் வேலை செய்வதைத்தான் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் ஒன்று. எங்கே வேலி போடுவது என்பது அகராதிக்காரர் கையில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரலாற்று அகராதி. எந்தக் காலத்தில் எந்த அர்த்தம் முளைத்தது என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே அது பொடிப்பொடியாகப் பிரிக்கும், வழக்கொழிந்த அர்த்தத்தைக்கூட விடாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஆக, 645 என்பது ஒரு குறிப்பிட்ட அகராதி நிலத்தைப் பிரித்த விதம். நிலம் எப்படி இருக்கிறது என்பதை இனிப் பார்க்கலாம்.

முதலில் நம்முடைய ‘ஓடு’

மாடு ஓடுகிறது. வண்டி ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. நரம்பில் ரத்தம் ஓடுகிறது. மனசில் ஏதோ ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பொழப்பு ஏதோ ஓடுகிறது. நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பெண் ஓடிப்போய்விட்டாள்.

பத்து வாக்கியம். இவற்றில் ஒன்றையாவது நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவர் நம்மில் உண்டா? ‘படம் ஓடியது’ என்றதும் திரை காலெடுத்து ஓடியதாக எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. நிற்காமல் தொடர்வது என்ற சங்கதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தானாக விட்டுவிடுகிறது.

இப்படி ஒரே சொல் ஒன்றோடொன்று உறவுள்ள பல பொருள்களில் வழங்கினால் அதைப் பல்பொருள் ஒருசொல் என்பார்கள். நமக்கு இது புதுசும் இல்லை. தொல்காப்பியம் திரிசொல்லைச் சொல்லும்போதே ‘வேறுபொருள் குறித்த ஒருசொல்’ என்று ஒரு வகையைச் சொல்லிவிடுகிறது. திவாகர நிகண்டில் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்று ஒரு பகுதியே தனியாக உண்டு.

இங்கே ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கூரையில் வேய்கிற ‘ஓடு’ம் ‘ஓடு’தான், ஆனால் அதற்கும் ஓடுவதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தேர்தலில் போடுகிற ‘ஓட்டு’ ஆங்கில ‘வோட்’டிலிருந்து வந்தது, வண்டியை ‘ஓட்டு’ என்பதோடு அது ஒலியில் மட்டும் சேர்ந்துகொண்டது. தற்செயலாக ஒரே ஒலியில் வந்து மாட்டிக்கொண்ட வெவ்வேறு சொற்களை ஒப்பொலிச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பேட்’ அப்படி: வௌவாலும் அதுதான், கிரிக்கெட் மட்டையும் அதுதான், இரண்டுக்கும் வேர் வேறு. இந்த மாதிரிச் சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ‘ரன்’ இந்த ரகம் இல்லை.

ஓடியது காலா, தண்ணீரா?

‘ரன்’ என்றால் முதலில் கால் ஓட்டம், மற்றதெல்லாம் பிறகு வந்தவை என்றுதான் நாம் நினைப்போம். பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதைச் சொல் தண்ணீர் பாய்வதையும் மனிதர் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. பக்கத்து வீட்டு மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் ‘ரென்னன்’ என்றால் ஓடு, ‘ரின்னன்’ என்றால் நீர் வடி, வழி. இரண்டும் ஒரே குடும்பம்.

இதைத் தெரிந்துகொண்டால் நோட்டில் இருந்த ‘ஒழுகு’ தன்னால் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆறு ரன் ஆகும், குழாய் ரன் ஆகும், சளி பிடித்தால் மூக்கு ரன் ஆகும். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் 23-ஆம் சங்கீதத்தில் பாத்திரம் ‘ரன்’ ஆகி மேலே வழிகிறது. நம் தமிழ் பைபிளில் அதே இடம் ‘என் பாத்திரம் நிரம்பி வழிகிறது’.

சாயமும் இதே கிளைதான். புதுச் சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டால், பக்கெட்டில் முதலில் ஓரத்தில் ஒரு சிவப்பு இழை கிளம்பும். அது புகை மாதிரி விரிந்து, நாம் எட்டிப் பார்ப்பதற்குள் வேட்டி ரோஸ் ஆகிவிடும். நாம் ‘சாயம் போச்சு’ என்கிறோம், துணியை விட்டுப் போனதைப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘கலர் ரன் ஆகிவிட்டது’ என்பார்கள். தண்ணீருக்குள் அந்தச் சிவப்பு ஓடியதை அவர்கள் பார்க்கிறார்கள்.

நகராதது எப்படி ஓடும்?

அடுத்த கிளை கொஞ்சம் விசித்திரமானது. ரோடு ரன் ஆகிறது, வேலி ரன் ஆகிறது, மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்கே ரன் ஆகிறது. இவை எதுவும் அசைவதில்லை. அசைவது பார்க்கிறவரின் கண். ரோட்டின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைவரை பார்வை ஓடுகிறது. ஓட்டத்தைத் தூக்கி ரோட்டின் தலையில் வைத்துவிடுகிறோம். நாமும் இதைச் செய்கிறோம், ‘ஓடு’க்குப் பதில் ‘போ’ போட்டு: ‘இந்த ரோடு நேரா திருச்சிக்குப் போகுது.’

இந்தக் கிளை உங்கள் வீட்டுக் கட்டட வேலைக்கும் வந்திருக்கும். காம்பவுண்டு சுவருக்கோ சமையல் மேடைக்கோ மேஸ்திரி ‘ஒரு ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்வளவு’ என்று ரேட் சொல்வார். எங்கள் வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டபோது என் மாமனார், சதுர அடிக் கணக்கு என்று நினைத்து அகலத்தையும் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி டேப்பின் நுனியை ஒரு மூலையில் அழுத்திப் பிடித்து, மேடை ஓரமாகவே நடந்து, வளைவில் திரும்பி, மறுமூலையில் நின்று, “பதினொண்ணேகால் ரன்னிங், அவ்ளோதான் சார்” என்றார். டேப் ஓடிய நீளம் மட்டும்தான் கணக்கு. மலைத்தொடர் ஓடுகிறதே, அதே ‘ரன்’.

இதுவரை வந்தவற்றை ஒரு கண்ணோட்டம் விட்டால்: கால் ஓட்டமும் நீரோட்டமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்திருந்தன. நீரிலிருந்து மூக்கும் சாயமும் வந்தன. பார்வையின் ஓட்டத்திலிருந்து ரோடும் ரன்னிங் ஃபீட்டும் வந்தன. ஒரு பொருளின் சாயலை வைத்து இன்னொன்றைச் சொல்வது உருவகம். இவற்றில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

ஓடு, ஓட்டு

என்னைக் கேட்டால் இந்தச் சொல்லின் மர்மத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. ‘ரன்’ பற்றிப் பேசும் பலர் இதைத் தொடுவதே இல்லை.

தமிழில் வண்டி தானாக ‘ஓடும்’, டிரைவர் அதை ‘ஓட்டுவார்’. தானே செய்வது தன்வினை, இன்னொன்றைச் செய்ய வைப்பது பிறவினை. நடுவில் ஒரு ‘ட்’ ஏறியதும் அர்த்தம் மாறிவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஓடுவதற்கு ஒன்று, ஓடவைப்பதற்கு ஒன்று என்று நெருங்கிய ஒலியுடைய இரண்டு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே ‘ரன்’னுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே இன்றைய ‘ரன்’ நம்முடைய ‘ஓடு’, ‘ஓட்டு’ இரண்டின் வேலையையும் தனியாளாகச் செய்கிறது. இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்த்தால் பட்டியல் நீளமாகத்தானே இருக்கும்?

பதினெட்டாவதாக எழுதியிருந்த ‘நடத்து’ இங்கே வந்து சேர்கிறது. ‘அவர் கடை ரன் பண்றார்’ என்றால், கடை ஓடும்படி பார்த்துக்கொள்கிறார். ‘கடையை ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று நம்மூர் அண்ணாச்சி சொல்வது இதுவேதான். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. தமிழ் ‘ஓட்டு’வில் தள்ளாட்டமும் பெருமூச்சும் இருக்கின்றன, ஆங்கில ‘ரன்’னில் அந்தச் சலிப்பு கிடையாது. பெரிய கம்பெனி முதலாளியும் ‘ரன்’தான் பண்ணுகிறார்.

இயந்திரங்கள் பெருகியபின் இந்தக் கிளை மளமளவென்று பரவியது. எஞ்சின், ரயில், தறி, அச்சு இயந்திரம், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம், எல்லாமே ஓடின, எல்லாவற்றையும் யாரோ ஓட்டினார்கள். புதிய இயந்திரத்துக்குப் புதிய வினைச்சொல் தேடாமல் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள். நாமும் ஃபேனுக்கு அதைத்தானே செய்தோம்?

இன்னொரு வேடிக்கை. ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். ‘கோட் ரன் ஆகுது.’ ‘கோடை ரன் பண்ணு.’ ஆங்கிலம் ஆயிரம் வருஷத்தில் ஒன்றாக்கிவிட்ட இரண்டையும், சொல்லைக் கடன் வாங்கிய கையோடு ‘ஆகு’, ‘பண்ணு’ ஒட்டித் தமிழ் மறுபடியும் பிரித்துவிட்டது. இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலே தன்வினை, பிறவினை சரியாக விழுகிறது.

இதே மாதிரி இன்னொரு சுமையும் ‘ரன்’ மேல் இருக்கிறது. நாம் ‘ஓடு’வை ‘ஓட்டம்’ என்று பெயர்ச்சொல் ஆக்குகிறோம். ஆங்கிலத்தில் உருவம் மாறாமல் ‘ரன்’னே பெயராகவும் நிற்கும்.

யாரும் ஓடாத ‘ரன்’

பெயர்ச்சொல் என்றதும் நமக்கு முதலில் வருவது கிரிக்கெட். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன, தமிழ்நாட்டில் ‘ரன்கள்’. தொடக்கத்தில் இது நேரடியான பொருள்தான்: இரு மட்டையாளர்களும் ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினால் ஒன்று. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டால், ஒருவரும் ஓடாமலே நான்கு. செயலைக் குறித்த சொல், அந்தச் செயலால் கிடைக்கும் கணக்கைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. உருவகம் சாயலில் தாவும், ஆகுபெயர் தொடர்பில் தாவும். இந்த இரண்டு கால்களில்தான் சொற்கள் ஊர் சுற்றுகின்றன.

வங்கி ‘ரன்’னும் இப்படித்தான். ஒரு வங்கி மூழ்கப்போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போனால் அதற்கு ‘பேங்க் ரன்’ என்று பெயர். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக்கு அது நடந்தது. அப்போது வந்த படங்களைப் பார்த்தால், ஜனங்கள் கிளைகளின் வாசலில் தெருவரைக்கும் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஓட்டம் என்று பெயர், நடந்தது நிற்றல்.

தேர்தல் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ ஆகிறார். அவர்களுக்கு அது பந்தயம். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ ஆகிறார். நாமும் ‘இந்தத் தொகுதியில் நிற்கிறார்’ என்கிறோம்.

அப்புறம், எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957-இல், ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்து அறியலாம் என்ற கருத்தை எழுதினார். ‘உன் சிநேகிதன் யாரென்று சொல்’ கதைதான். பக்கத்தில் மூக்கு இருந்தால் ஒழுகல். கடை இருந்தால் நடத்தல். சட்டை இருந்தால் சாயம். ரோடு, எல்லை, வேலி இருந்தால் நீட்சி. இன்றைய மொழிபெயர்ப்புச் செயலிகளும் அடிப்படையில் அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘ரன்’னோடு ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’ போன்ற குட்டிச் சொற்கள் ஒட்டும்போது இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஓடு’ வேறு, ‘ஓடிப்போ’ வேறு என்பது போல. ‘ரன் அவுட்’ என்றதும் நமக்கு ஸ்டம்ப் தெறிக்கும் காட்சிதான் தெரியும். வீட்டில் பால் ‘ரன் அவுட்’ ஆகிவிட்டது என்றால் பால் தீர்ந்துவிட்டது. பானையில் ஓட்டை விழுந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே ஓடிவிட்டதாக நினைத்துக்கொண்டால் மறக்காது.

இவ்வளவையும் அக்கா மகளுக்குச் சொல்லி முடிக்க இரண்டு டம்ளர் காபி ஆனது. நோட்டில் இருந்த முப்பத்திரண்டையும் ‘கால்’, ‘தண்ணி’, ‘கண்ணு’, ‘ஓட்டு’ என்று நாலு தலைப்பின் கீழ்ப் பங்கு போட்டாள். எட்டு மிஞ்சின. அதில் ஆறு குட்டிச் சொல் ஒட்டியவை. ஏழாவது ‘ரன்னிங் ஃபீவர்’, காய்ச்சல் அடிப்பது. அதை எதில் போடுவது என்று எனக்கே தயக்கமாக இருந்தது. “உடம்புதான ஹீட்டர் மாதிரி ஓட்டுது, ‘ஓட்டு’ல போடுறேன்” என்று அவளே போட்டுக்கொண்டாள்.

எட்டாவது ‘ரன்-ஆஃப்-த-மில்’. சாதாரணமான, விசேஷம் ஒன்றுமில்லாத என்று நோட்டில் அர்த்தம் எழுதியிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன்.

“மில்லு.”

“மில்லு என்ன பண்ணும்?”

“ஓடும். ஓடுனா மாவு வரும்.” கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள். “மில்லுல இருந்து வர்றது அப்படியே. நல்லது கெட்டது பிரிக்காம. சலிக்காத மாவு!”